143-இல் வழுக்கி விழுந்தேன்

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் வந்த கேள்வி: 720720-க்கு மொத்தம் எத்தனை காரணிகள்?

கேள்வித்தாளின் ஓரத்திலேயே வகுக்க ஆரம்பித்தேன். 2-ஆல் நாலு முறை: 360360, 180180, 90090, 45045. 3-ஆல் இரண்டு முறை: 15015, 5005. 5-ஆல் வகுத்தால் 1001, அதை 7-ஆல் வகுத்தால் 143. அங்கேயே நிறுத்திவிட்டேன். 143-ஐப் பார்த்தால் பகா எண் மாதிரிதானே இருக்கிறது? அடுக்குகள் 4, 2, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5×3×2×2×2 = 120. கொடுத்திருந்த விடைகளில் 120-ம் இருந்தது! சந்தோஷமாக வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

சரியான விடை 240. ஏனென்றால் 143 = 11×13. ஒற்றைப்படை இடங்களின் கூடுதல் 1+3, நடுவில் 4, வித்தியாசம் பூஜ்யம். 11-ஆல் வகுபடும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். நாம் எங்கே தப்புவோம் என்று தெரிந்துதான் விடைகளை அமைக்கிறார்கள்.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. வகுக்கத் தொடங்கும் முன் எண்ணைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம். 720, 720 என்று மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வருகிறது. இப்படி வரும் எந்த ஆறிலக்க எண்ணும் அந்த மூன்றிலக்க எண்ணின் 1001 மடங்கு. 1001 = 7×11×13. ஆக 720-ஐ மட்டும் பிரித்தால் போதும். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம் என்றால், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடையாது.

அந்த வாரம் முழுக்க வேறு எண்ணையே தொடவில்லை. கேள்விகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை? 2-ஐ விட்டுவிட்டால் 3×2×2×2×2 = 48; மீதி 192-ம் இரட்டை. முழு வர்க்கமான காரணிகள்? 1, 4, 9, 16, 36, 144 என்று ஆறுதான். குறைந்தபட்சம் எதனால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்? 5, 7, 11, 13 நான்கும் ஒற்றையாக நிற்கின்றன, எனவே 5005. எனக்குப் பிடித்தது இது: 1 முதல் 16 வரை எல்லா எண்களின் மீச்சிறு பொது மடங்கும் இதே 720720-தான். 17-ஆல் வகுத்தால் மட்டும் 5 மீதி நிற்கும். சூத்திரங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ததைவிட இது எனக்கு நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

நீங்கள் 999999-ஐ எடுத்துப் பாருங்கள். 64 காரணிகள் வர வேண்டும். 32 வந்தால், 143-ஐ இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.