ஓடுவதைவிடக் காசு கேட்பதுதான் கஷ்டம்

எனக்கு மருந்து முதலில், ஓட்டம் அப்புறம். இதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். "ஓடினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று உபதேசம் செய்ய ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டிப் பார்த்த டாக்டர்தான் மனச்சோர்வு என்றார். செர்ட்ராலின் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். காலையில் வெளியே போய் நடக்கச் சொன்னதும் அவர்தான். "இந்த மருந்துக்கு வியர்வை கூடும், தண்ணி நிறைய குடிங்க." பினாங்குப் புழுக்கத்தில் இது காதில் வாங்க வேண்டிய பேச்சு.

தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவில் நடக்கத் தொடங்கினேன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. அங்கே பழக்கமான ஓர் அண்ணன் சொன்ன ஒரே விதி: பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு, மூச்சு வாங்கினால் நட. எனக்கு உதவியது வேகமல்ல; காலையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகப் படுக்கையை விட்டு எழுந்ததுதான்.

பினாங்குப் பால மாரத்தானில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தபோது, சும்மா ஓடுவானேன், பிஃப்ரெண்டர்ஸுக்குப் பணம் திரட்டலாமே என்று தோன்றியது. மனம் உடைந்தவர்களும் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களும் போன் செய்து பேச, 1970இல் கோலாலம்பூரில் தொடங்கிய அமைப்பு. போனில் காது கொடுத்துக் கேட்பவர்கள் தொண்டூழியர்கள்.

கோயில் வாசலில் உண்டியலோடு நிற்கலாம் என்றான் தம்பி. தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க போலீஸ் அனுமதி வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதனால் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டேன். என் கணக்குக்கு ஒரு காசும் வேண்டாம், நேராக அமைப்பின் கணக்கில் போட்டுவிட்டு ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். காசு விஷயத்தில் சொந்தக்காரர்கள் வாயை முன்கூட்டியே அடைத்துவிடுவது நல்லது.

ஆனால் ஏன் ஓடுகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுத வேண்டியிருந்ததே, அங்கேதான் விரல் நகரவில்லை. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நாலே வரி: மனச்சோர்வு, மருந்து சாப்பிடுகிறேன், ஓடப்போகிறேன், முடிந்ததைக் கொடுங்கள்.

சித்தப்பா உடனே கூப்பிட்டார். "இதெல்லாம் ஏம்பா வெளியில சொல்லிக்கிட்டு? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா என்ன சொல்றது?" மாமாவுக்கு வேறு பயம்: பிஃப்ரெண்டர்ஸ் நம்பருக்குப் போன் பண்ணினால் போலீஸ் வருமே! தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இலேயே நீக்கிவிட்டார்கள் என்றேன். "அப்படியா?" என்றவர் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. தங்காக்கிலிருந்து ஓர் அக்கா மட்டும் குழுவில் எதுவும் போடாமல் தனியாக எழுதினார்: "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியுமுன் இருட்டிலேயே கிளம்பினோம். பாலத்தின் நடுவில் ஏற்றம் இருப்பது காரில் போகும்போது தெரியாது; கால் சொன்னது. அங்கே நடந்தேன். நேரத்தைக் கேட்காதீர்கள்.

ரசீதுகள் அடுத்த வாரமும் வந்துகொண்டிருந்தன. வரிக் கணக்குக்கு ஆகுமா என்று சித்தப்பாவே கேட்டார். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருந்தால் கழிக்கலாம், ரசீதில் அந்தக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள் என்றேன். தங்காக் அக்கா நம்பரை மட்டும் கேட்டார். 03-7627 2929, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள் என்று அனுப்பினேன்.