ஆர்கானிக்: எதுக்குக் கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

பூச்சிமருந்துக்குப் பயந்து ஆர்கானிக் கடையில தேங்காய்க்குக் கூடுதல் விலை கொடுக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு விளங்குறதே இல்ல. மேல மட்டையும் ஓடும் இருக்கு. வெங்காயமும் அப்படித்தான், உரிச்சுட்டுத்தானே போடுறோம்.

என் காசு போறது கறிவேப்பிலைக்கு. பூச்சிமருந்து எச்சம் அடிக்கடி சிக்குனதால ஐரோப்பிய ஒன்றியமே இந்தியக் கறிவேப்பிலைக்குன்னு கூடுதல் சோதனை வச்சிருக்கு. உரிக்கத் தோலும் கிடையாது. கொத்தமல்லி, திராட்சை, காலிஃபிளவருக்கும் இதே கணக்குதான். கைக்குத்தல் அரிசிக்கும் கொடுப்பேன், தவிட்டோட சாப்பிடுறோமே! பாலிஷ் அரிசிக்கு மாட்டேன்.

பாக்கெட்ல வாங்கினா அரசோட ஆர்கானிக் முத்திரை ('ஜைவிக் பாரத்' மாதிரி) இருக்கான்னு பாருங்க. சும்மா பச்சை எழுத்துல 'இயற்கை'ன்னு போட்டிருந்தா மட்டும் அது ஆர்கானிக் சான்று ஆகாது. (மாடியில தொட்டி இருந்தா கறிவேப்பிலைச் செடி ஒண்ணு வைங்க, அந்தக் காசும் மிச்சம்.)