லைமாவில் கட்டிய கூண்டு

கரூரில் முப்பது ஆண்டுகள் பேருந்துக்குக் கூண்டு கட்டியவன் நான். எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் மொட்டைச் சேசிஸ், அதாவது கூண்டு இல்லாத வெறும் அடிச்சட்டம், வரும். ஓட்டுநர் வெயிலையும் தூசியையும் தின்றுகொண்டே அதை ஓட்டி வந்து பட்டறை வாசலில் நிறுத்துவார். அதன்மேல் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, கண்ணாடி பொருத்தி அனுப்புவோம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் வண்டியின் முகத்தைவிட முதுகைத்தான் முதலில் பார்ப்பேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டியில் தங்கை வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை நயாகராவுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். என் எண்ணமெல்லாம் ஐ-75 நெடுஞ்சாலையில் இருந்தது. அமெரிக்காவின் சவ ஊர்திகளுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் கூண்டு கட்டிய மூன்று பெரிய பெயர்கள் அந்த ஒரே சாலையோரம் இருந்தவை. சின்சினாட்டியில் 1876-இல் தொடங்கிய சேயர்ஸ் அண்ட் ஸ்கோவில், வடக்கே பிக்வாவில் மில்லர்-மீட்டியர், இன்னும் வடக்கே லைமாவில் சுப்பீரியர்.

"ஏன் அண்ணா, இத்தனை கடல் தாண்டி வந்தது பிணவண்டி பார்க்கவா?" என்றாள் தங்கை.

"ஆம்புலன்ஸும்தான் இருக்கிறது."

"எதுவாக இருந்தாலும், திரும்பி வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்."

மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். பிக்வாவைத் தாண்டி வாபகொனெட்டா வந்தது. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் ஊர். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. மாப்பிள்ளை அதை ஏக்கத்தோடு பார்த்தார். நான் கண்டுகொள்ளாமல் இருக்கவே, சோளக்காட்டுக்கு நடுவே போகும் சிறு சாலையில் வண்டியைத் திருப்பினார்.

அவருடைய நண்பர் ஒருவரின் மாமா அங்கே ஒரு பழைய களஞ்சியத்தில் ஐந்து வண்டிகளை வைத்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான்கு வண்டிகளை மேலோட்டமாகக் காட்டிவிட்டு ஐந்தாவதிடம் வந்ததும் அவர் நடையே மாறியது. 1966-ஆம் ஆண்டு காடிலாக் கார், அதன்மேல் சுப்பீரியர் கூண்டு. நீளம் இருபது அடிக்கு மேல். இரண்டு அச்சுகளுக்கும் இடையில் மட்டும் பதின்மூன்று அடி. முன்பாதி காடிலாக் கொடுத்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் லைமாக்காரர்களின் கைவேலை. எங்கள் ஊர் வழக்கமேதான். பழுதுபார்ப்பவருக்குத் தலைவலியும் அங்கேதான் தொடங்குகிறது. முன்பாதிக்கு உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். பின்கதவின் கண்ணாடியோ ரப்பரோ போனால், அதேபோல் செத்துக் கிடக்கும் இன்னொரு வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த வண்டியின் விசேஷம் அதன் இரட்டை வேலை. பெரியவர் பின்கதவைத் திறந்து, குனிந்து, தரையில் பதிந்திருந்த ஓர் உருளைச் சட்டத்தை விரலால் நெம்பிப் புரட்டினார். உருளைகள் மேலே இருந்தால் சவப்பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். புரட்டிவிட்டால் தரை சமமாகிவிடும். நோயாளியின் கட்டிலை வைக்கலாம். பக்கவாட்டில் உதவியாளருக்கு மடக்கு இருக்கை. கூரையில் சிவப்பு விளக்கு. அதைக் கழற்றினால் தெரியும் ஓட்டையை மூடத் தனியாக ஒரு மூடி. ஜன்னலை மறைக்க எஸ் வடிவக் கம்பி பதித்த பலகை. குதிரை வண்டியின் மடக்குக் கூரையைத் தாங்கிய கம்பி, இன்று வெறும் அலங்காரமாக மிஞ்சியிருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிக்காட்ட அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் இப்படி? படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோக வசதியான வண்டி, அந்தக் காலத்தில் சிற்றூர்களில் ஈமச்சடங்கு நிலையத்தாரிடம்தான் இருந்தது. 1966-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை ஏறத்தாழ 12,000 ஈமச்சடங்கு நிலையத்தார் நடத்துவதாகச் சொன்னது. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அதே ஓட்டுநர். நம் ஊரில் அமரர் ஊர்திக்காரர் 108-ஐயும் ஓட்டினால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அறிக்கைக்குப் பிறகு விதிகள் இறுகின. 1973-இல் அவசர மருத்துவச் சேவைக்கென்றே சட்டம் வந்தது. நிமிர்ந்து நின்று சிகிச்சை தரும் உயரமுள்ள வேன்கள் வரவே, எழுபதுகளின் இறுதிக்குள் கார் வடிவ ஆம்புலன்ஸ் வழக்கொழிந்தது. சுப்பீரியர் அதே லைமாவில் பள்ளிப் பேருந்தும் கட்டியது. ஒருவர் ஆயுளுக்கும் தேவையான வண்டிகளை ஒரே ஊரில் முடித்துவிட்டார்கள்!

பழைய கூண்டுகளில் தகடுகள் சேரும் இடத்தில் ஈயத்தை உருக்கி இழைத்திருப்பார்கள். எங்கள் காலத்தில் பசைபோல் பூசிக் காயவிடும் பட்டிதான். பெரியவர் கூரை விளிம்பை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்று கேட்டது. நானும் பழக்கதோஷத்தில் தட்டிக்கொண்டே போனேன். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் ஓசை செத்துப்போனது. மறுபடியும் தட்டினேன். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. துருவை வெட்டாமல் யாரோ ஒரு விரற்கடை கனத்துக்குப் பட்டி அப்பியிருக்கிறார்கள். முழுக்க அசல் தகடு என்று நம்பி வாங்கிய வண்டியாம். பாவம், அந்த முகத்தைப் பார்த்ததும் நான் தட்டாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சற்று நேரம் கழித்து அவரே ஒரு சாக்குக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு, "மற்ற இடங்களையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் மாப்பிள்ளையிடம்.

வேலை முடிய மதியமாகிவிட்டது. சாப்பிட அந்த வண்டியிலேயே போகலாம் என்றார். சிவப்பு விளக்கோடு போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால், விளக்கைக் கழற்றி மூடி போட்டு, ஜன்னல் பலகைகளை மாட்டினார். முன்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். ஏழு லிட்டர் எஞ்சின். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. எதிரே வந்த சரக்கு வண்டி ஒன்று சாலையோரம் ஒதுங்கி நின்றது. அதை ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். பெரியவர் கண் இமைக்காமல், உரிய மரியாதையோடு, ஒரு கையை உயர்த்திப் பதில் வணக்கம் செலுத்தினார். நாங்கள் முட்டை சாண்ட்விச் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

மாலையில் வீடு திரும்பியபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். ஒன்றும் கேட்காமல் துண்டை நீட்டினாள்.