கண்கட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள், பிதுக்காதீர்கள்

குழந்தையின் இமையில் சிவப்பாக ஒரு கட்டி கிளம்பியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, என்ன சொட்டு மருந்து போடலாம் என்பதுதான். பெரும்பாலான கண்கட்டிகளுக்கு மருந்தே வேண்டாம், ஒத்தடத்திலேயே ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும்.

இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு, தோலில் சாதாரணமாகவே இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அதற்குள் பெருகினால் சீழ் கோத்துக்கொள்ளும். சூடு பட்டால் உள்ளே கெட்டியான எண்ணெய் இளகி, அடைப்பு தானாகத் திறக்கும். ஆனால் துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்தால் ஒன்றும் நடக்காது. சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், இதமாக இருந்தால் குழந்தையின் மூடிய கண்மேல் 10 நிமிடமாவது வையுங்கள், ஆற ஆற மறுபடி நனைத்து, ஒரு நாளைக்கு 3, 4 தடவை. ஈரத்துணியை மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், இமைத்தோல் தாங்காது.

சின்னக் குழந்தை அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருக்குமா? சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது. மடியில் போட்டுக் கதை சொல்லுங்கள், துணியை அதன் கையாலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழ அழ அமுக்கிப் பிடித்தால் அடுத்த தடவை துணியைப் பார்த்ததுமே ஓடிவிடும்.

மஞ்சளாக முனை தெரிந்தாலும் பிதுக்கவோ குத்தவோ கூடாது, கிருமி பக்கத்துத் திசுவுக்குப் பரவும். வலி போய், கெட்டியான உருண்டை மட்டும் மிஞ்சினால் அது கலேசியன், வடியப் பல வாரம் ஆகலாம். அதற்கும் முதலில் ஒத்தடம்தான்.

திரும்பத் திரும்ப வருகிறதா? இமை ஓரத்தில் செதில் படிகிறதா, ஒவ்வாமையால் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்குக் கையும் கிருமியை இமைக்குக் கொண்டுபோகும். கை கழுவும் பழக்கம், தனித் துண்டு, செதில் இருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் இமை ஓரத்தை மெல்லத் துடைப்பது, பெரும்பாலும் இவ்வளவு போதும்.

அப்புறம், காய்ச்சல் வந்தாலோ, இமை முழுக்க வீங்கிச் சிவப்பு கன்னம் வரை பரவினாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கண் வெளியே தள்ளினாற்போல் தெரிந்தாலோ ஒத்தடத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.