மின்தடை, மின்திறன் கணக்குகள்: எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடத்தையும், பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவையும் மன்னார்குடிப் பக்கம் தமிழ் வழியில் படித்துத் தேர்வெழுதியவன் நான். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இதே கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் கொடுக்கப்பட்டிருந்தால் வேலை எளிது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் வெந்நீர் ஹீட்டரின் மின்தடை 46 ஓம், மின்திறன் 1150 வாட். மில்லி ஆம்பியரில் கொடுத்திருந்தால் முதலில் ஆம்பியருக்கு மாற்றிக்கொண்டு, விடையோடு அலகையும் எழுதினால் போதும்.

சிக்கல் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. மின்திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய தொகை என்று ஒரு சமன்பாடு சொல்கிறது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்த ஈவு என்று இன்னொன்று சொல்கிறது. அப்படியானால் மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா என்று ஏறக்குறைய எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான் அது. இரண்டு சமன்பாடுகளுமே சரி; மாறாமல் நிற்பது மின்னோட்டமா, மின்னழுத்தமா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. தொடரிணைப்பில் எல்லாக் கருவிகளிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் அங்கே முதல் சமன்பாட்டையும், வீட்டு இணைப்பைப் போன்ற பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைப்பதால் அங்கே இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இதைச் சோதிக்க 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைப் போல நல்ல கணக்கு வேறில்லை. இரண்டும் 230 வோல்ட்டுக்கானவை என்றால் 40 வாட் பல்பின் மின்தடை 1322.5 ஓம், 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். பக்க இணைப்பில் 100 வாட் பல்பு பிரகாசமாக எரியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டையும் தொடரிணைப்பில் 230 வோல்ட்டுடன் இணைத்தாலோ, பல்புகளின் மின்தடை மாறவில்லை என்று கொண்டால், மொத்த மின்தடை 1851.5 ஓம், மின்னோட்டம் சுமார் 0.124 ஆம்பியர், 40 வாட் பல்பில் ஏறத்தாழ 20 வாட்டும், 100 வாட் பல்பில் 8 வாட்டும்தான் செலவாகும். சிறிய பல்பே அதிகம் ஒளிரும். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யாமல், காரணத்தோடு தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் தேர்வறையில் தயங்கமாட்டார்.

குறுவைக்கு ஊர் முழுக்க மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டில் வோல்டேஜ் இறங்குவது நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்கூடாகப் பார்ப்பது. 230 வோல்ட், 1000 வாட் என்று குறித்த ஹீட்டருக்கு 180 வோல்ட் மட்டும் வந்தால் அதன் திறன் என்ன? பலர் மின்னழுத்தம் குறைந்த விகிதத்திலேயே திறனையும் குறைத்து 783 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே மாறாமல் இருப்பது ஹீட்டரின் மின்தடை. குறித்த அளவுகளிலிருந்து முதலில் அதைக் கண்டால் 52.9 ஓம், பிறகு 180-இன் இருமடியை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 612 வாட். வோல்டேஜோடு மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால்தான் திறன் இவ்வளவு இறங்குகிறது. தண்ணீர் கொதிக்க அவ்வளவு நேரம் ஆவதும் அதனால்தான்.

மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியை எழுதும்போது 'மாறா வெப்பநிலையில்' என்ற சொற்களை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மதிப்பெண் குறையும். அந்தச் சொற்கள் ஒப்புக்கு வைத்தவை அல்ல. 60 வாட் குண்டு பல்பின் மின்தடை கணக்கில் 882 ஓம் வரும். அணைந்திருக்கும் பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீட்டர் பழுதில்லை, டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் மின்தடை பலமடங்கு உயர்கிறது. ஆய்வகத்திலும் இதே கவனம் வேண்டும். சாவியை (மின்சுற்றின் சுவிட்சை) மூடியே, அதாவது மின்னோட்டம் பாயும்படியே, வைத்துக்கொண்டு நிதானமாக அளவு குறித்தால் கம்பி வெதுவெதுப்பாகி, அளவுகள் மெல்ல நகரத் தொடங்கும். ஒவ்வோர் அளவையும் குறித்தவுடன் சாவியைத் திறந்துவிடுங்கள். வரைபடத்தில் மின்னழுத்தம் செங்குத்து அச்சிலும் மின்னோட்டம் கிடை அச்சிலும் இருந்தால் மட்டுமே கோட்டின் சாய்வு மின்தடையைத் தரும். அச்சுகளை மாற்றினால் அதன் தலைகீழிதான் கிடைக்கும்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. ஹீட்டர் கணக்கை மோட்டாருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். மோட்டாரில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பது சுருளின் மின்தடை அன்று. சுருளை அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே காட்டும். போர்வெல்லுக்குப் போட்டிருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரின் வெளியீடு 3730 வாட். அதை 230-ஆல் வகுத்து 16 ஆம்பியர் என்று எழுதுவது தவறு, ஏனெனில் அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. பயனுறுதிறன் 85 விழுக்காடு, திறன் காரணி 0.8 எனக் கொடுத்திருந்தால் உள்ளீட்டுத் திறன் சுமார் 4388 வாட், அதை 1.732 (மூன்றின் வர்க்கமூலம்), 415 (மும்முனை இணைப்பின் வோல்ட்), 0.8 ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் 7.6 ஆம்பியர் வரும். முழுச் சுமையில் ஒவ்வொரு ஃபேஸ் ஒயரிலும் கிளாம்ப் மீட்டர் (ஒயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) காட்டவேண்டியது ஏறத்தாழ இந்த அளவைத்தான்.