டிசம்பருக்கான கையுறைகள்: ஒரு பின்னல் நாட்குறிப்பு

அக்டோபர் 27

இந்த ஆண்டு விடுமுறைப் பரிசு எல்லோருக்கும் மிட்டன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, அவர்கள் மகனுக்கு ஒன்று, புதிதாகப் பிறந்திருக்கும் குட்டிக்கு ஒன்று. பனி பெய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு, விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட மிட்டனே மேல். நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடப்பதால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கும் போகிறது. குளிர் தாக்கும் பரப்பும் குறைந்துவிடுகிறது. கட்டைவிரல் தனியாக இருப்பதால் எதையும் பிடிக்கத் தடையில்லை.

அக்காவிடம் அளவு கேட்டிருக்கிறேன். கட்டைவிரலைச் சேர்க்காமல் உள்ளங்கையின் சுற்றளவு, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம், கட்டைவிரலின் நீளம். இந்த மூன்றும் போதும். திறக்கும்போது வியக்கட்டும் என்று அளவே கேட்காமல் பின்னுவதில் எனக்கு உடன்பாடில்லை. வியப்பை நிறத்தில் வைத்துக்கொள்ளலாம். அளவு சரியாக இல்லாவிட்டால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

நவம்பர் 1

அளவுகள் வந்துவிட்டன. பையன் தன் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறான். சுண்டுவிரல் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுவிரல் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, “இங்கே நகம் உடைந்துவிட்டது சித்தி” என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் அளவுகோலையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள் அக்கா. அது இல்லையென்றால் படத்திலிருந்து அளவு எடுத்திருக்க முடியாது.

இனி நூல். எந்த நூல் அழகு என்பதற்கு முன்னால், யார் துவைக்கப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். சூப்பர்வாஷ் என்று விற்கும் கம்பளியில் அந்தச் செதில்களைப் பெரும்பாலும் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள், மெஷினில் போடலாம். குழந்தைகள் இருவருக்கும் அதுதான். அக்காவும் அத்தானும் கம்பளியைக் கையால் அலசி உலர்த்தும் பழக்கம் உள்ளவர்கள். அவர்களுக்குச் சாதாரணக் கம்பளியே வாங்குகிறேன். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாத நூல் அது.

நவம்பர் 4

மாதிரித் துண்டு பின்னினேன். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, அதாவது 20 நூல் வளையம் வந்தது. துணி நெகிழ்வாக, தொட இதமாக இருந்தது. ஸ்வெட்டருக்கு நன்றாக இருக்கும், மிட்டனுக்குக் காற்று நுழைந்துவிடும். 3.5 மி.மீ. ஊசிக்கு மாறியதும் 22 கண்ணி. நனைத்து உலர்த்திய பிறகும் அதே அளவு நின்றது. அக்காவின் உள்ளங்கை 19 செ.மீ. கொஞ்சம் காற்று தங்க இடம் வேண்டும் என்பதால் 20 செ.மீ.க்கு 44 கண்ணி. மிட்டனுக்குள் சூட்டைக் காப்பது அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான். இறுக்கிப் பிடித்தால் அதற்கு இடமே இருக்காது.

நவம்பர் 9

மணிக்கட்டுப் பட்டையை 40 கண்ணியில், 3 மி.மீ. ஊசியில், இரண்டு நிட் (நேர்க்கண்ணி) இரண்டு பர்ல் (திருப்பிப் போடும் கண்ணி) என்று நீளமாகவே பின்னினேன். கோட்டின் கைக்குள் புகுந்து மறையும் அளவுக்கு நீளம் இருந்தால்தான் மணிக்கட்டில் குளிர் படாது. பட்டை முடிந்ததும் நான்கு கண்ணி கூட்டி உள்ளங்கைக்குப் போனேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கட்டைவிரல். ஒரே ஒரு கண்ணியின் இரு பக்கமும் கூட்டத் தொடங்கி, மூன்று சுற்றுக்கு ஒருமுறை இரண்டு இரண்டாகக் கூட்டினால், ஊசியிலேயே ஒரு முக்கோணம் விரிந்துகொண்டே போகும். 15 கண்ணி ஆனதும் அவற்றை வேறொரு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, இடைவெளியில் ஒரு கண்ணி போட்டுச் சுற்றைத் தொடர வேண்டும். இந்த முக்கோணம் இல்லாமல் வெறும் துளையிலிருந்து கட்டைவிரலைக் கிளப்புகிற பழைய வடிவங்கள் உண்டு, பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அக்கா நாள் முழுவதும் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நடப்பவள். விரலை விரித்து மடக்கும் கைக்கு அந்தத் தளர்வு வேண்டும்.

பின்னர் ஒதுக்கிய கண்ணிகளை ஊசியில் எடுத்துக் கட்டைவிரலைப் பின்னும்போது அடியில் சின்ன ஓட்டை ஒன்று விழும். அந்த மூலையிலிருந்து கூடுதலாக இரண்டு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றிலேயே குறைத்துவிட்டால் ஓட்டை அடைந்துவிடும்.

நவம்பர் 15

வலது கை நேற்று இரவு முடிந்தது. இடது கைக்கான பட்டையை அப்போதே தொடங்கிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே நாள் கடந்தால் நூலைப் பிடிக்கும் இறுக்கம் மாறிவிடுகிறது. ஒன்று மெத்தென்றும் மற்றது விறைத்தும் நிற்கும். சுற்றுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்வதால் நீளத்தில் வித்தியாசமே வராது.

நவம்பர் 21

அத்தான் விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்புகிறவர். எதிர்க்காற்றைத் தாங்க ஒற்றை அடுக்கு போதாது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நூலில் பின்னுகிறேன். பின்னாத நூல் உள்பக்கம் ஓடிக்கொண்டே வருவதால் துணி இரட்டைத் தடிமனாகிவிடும்.

கோலம், நார்வேயின் செல்பு பகுதியில் புகழ்பெற்ற எட்டு இதழ் நட்சத்திரம். மாரிட் கூல்ட்செத் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் 1857இல் இந்த இரு நிற மிட்டனைப் பின்னித் தேவாலயத்துக்கு அணிந்து போனதிலிருந்து அந்த ஊர்ப் பின்னல் பரவியது என்பார்கள். அந்த மிட்டன்களில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய நட்சத்திரம் புறங்கையில்தான். உள்ளங்கையில் பொடிப்பொடிக் கட்டங்கள். அழகுக்காக மட்டும் இல்லை. கட்டம் சிறியதாக இருந்தால் உள்ளே ஓடும் நூலும் குட்டையாக இருக்கும், விரல் நுழைந்து மாட்டாது. தேய்மானம் அதிகம் உள்ள பக்கத்தில் நூல் நெருக்கமாகவும் அமைகிறது. பின்னியவர்கள் கையை எவ்வளவு கவனித்திருக்கிறார்கள்!

லாட்வியாவில் அந்தக் காலத்தில் மணப்பெண்கள் பெட்டி நிறைய மிட்டன் பின்னி, திருமணத்தில் உறவினருக்கெல்லாம் பரிசளிப்பார்களாம். 2006இல் ரீகாவில் நேட்டோ உச்சி மாநாடு நடந்தபோது விருந்தினருக்குக் கையால் பின்னிய 4,500 ஜோடி மிட்டன்கள் கொடுத்தார்கள். அத்தனையும் யாரோ ஒருவர் கண்ணி கண்ணியாகப் போட்டவை என்று நினைக்கவே மனம் நிறைகிறது.

நவம்பர் 29

குட்டிக்கு உரியது ஒரே மாலையில் முடிந்தது. கட்டைவிரல் இல்லை, ஒற்றை நிறம், உள்ளே நூல் நுனி எதுவும் தொங்காமல் இழுத்துச் செருகியாயிற்று. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பச்சிளம் விரலைச் சுற்றி ஒரு மெல்லிய இழை இறுகினால்கூட இரத்த ஓட்டம் நின்றுவிடும். குழந்தையால் சொல்லவும் முடியாது. அதனால் எத்தனை அழகான கோலமாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு இரு நிறப் பின்னல் வேண்டாம். முடித்த பிறகு உள்ளே வெளியே திருப்பி, என் சுண்டுவிரலை விட்டு எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தேன்.

டிசம்பர் 5

பையனுக்குப் பனியை உருட்டுவதற்குத்தான் மிட்டன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதிகளில் பின்னும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். சில சுற்றுகளுக்கு ஒருமுறை, முறுக்காத கம்பளிப் பஞ்சைச் சிறு திரிகளாகக் கிள்ளிக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும். வெளியே அரிசி மணி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். உள்ளே முழுக்கப் பஞ்சு. போட்டுப் போட்டு அந்தப் பஞ்சு கைச்சூட்டிலும் வியர்வையிலும் அமுங்கி மெத்தையாகிவிடும். பஞ்சு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் அவன் வரைந்த கோட்டுக்கு வெளியே நன்றாக விட்டுப் பின்னினேன்.

தொலையாமல் இருக்க இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கொடுக்கச் சொன்னாள் அக்கா. மறுத்துவிட்டேன். சறுக்குமரத்தில் கயிறு மாட்டினால் ஆபத்து. பதிலாகப் பட்டையை முழங்கை நோக்கி நீட்டியிருக்கிறேன், எளிதில் கழன்று விழாது.

டிசம்பர் 11

எல்லாவற்றையும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து உலர்த்தினேன். கண்ணிகள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன.

ஒவ்வொரு ஜோடியோடும் மீந்த நூலில் கொஞ்சம் அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். மிட்டன் முதலில் தேய்வது கட்டைவிரல் நுனியிலும் உள்ளங்கை ஓரத்திலும்தான். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், துணி மெலிந்து வெளிச்சம் தெரியும்போதே கண்ணிகளின் மேலேயே அதே வழியில் ஊசியை ஓட்டிவிட்டால் இன்னும் பல குளிர்காலம் தாங்கும். இதையெல்லாம் அக்காவுக்கு ஒரு தாளில் எழுதி, படமும் போட்டிருக்கிறேன். வெள்ளை தேய்ந்த இடத்தைக் கறுப்பால் தைத்துவிட வேண்டாம் என்று அத்தானுக்குத் தனியாக ஒரு வரி.