இரண்டு லிட்டர் அதிகமாகக் கறந்த மாடு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கறவை மாடுகளுக்குத் தீவனக் கணக்கு எடுப்பதுதான் அப்போது என் வேலை. என்ன தின்கிறது, எவ்வளவு கறக்கிறது என்று பகலில் குறித்துக்கொண்டு வந்து, இரவில் அதே மாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால்ட்வின் குழுவினர் உருவாக்கி 1987-ல் வெளியிட்ட கணித மாதிரியை அடியொற்றி எழுதிய நிரல் அது. அந்த மாதிரிக்கு ‘மாலி’ என்று பெயர்.

உள்ளே இருப்பதெல்லாம் நம் கண்மாய்க் கணக்குதான். வரத்துக்காலில் எவ்வளவு வருகிறது, மடையில் எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது. மாட்டுக்குள் இப்படிப் பல கண்மாய்கள், ஒன்றின் மடை இன்னொன்றின் வரத்து. வைக்கோலையும் தவிட்டையும் இரைப்பை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமில வகைகளாக மாற்றுகின்றன. அசிட்டேட் பால் கொழுப்புக்கு உதவுகிறது. புரோப்பியோனேட் கல்லீரலில் குளுக்கோஸ் ஆகி, மடியில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஆகிறது. லாக்டோஸ் இழுக்கிற தண்ணீர்தான் பாலின் அளவைத் தீர்மானிக்கும். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும்.

பள்ளத்தூர் பக்கம் ஒரு ஜெர்சி கலப்பு, கன்று ஈன்று மூன்று வாரம். தின்கிற தீவனத்துக்கு ஒன்பது லிட்டர்தான் என்றது நிரல். மாடு பதினொன்று கறந்தது. அளவுப் படியில் தப்பு இருக்கும், புண்ணாக்கைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு நாள் எண்களையே கிளறினேன். அப்புறம்தான் தெரிந்தது, உடல் கொழுப்பு கரைகிற வேகத்தை நடுக் கறவைக்குரிய அளவிலேயே விட்டிருந்தேன். அந்த இரண்டு லிட்டர் மாட்டின் முதுகிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியக் காலையில் போனேன். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தன. முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. புண்ணாக்கை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூச்சில் பழம் அழுகிய மாதிரி ஒரு இனிப்பு வாடை.

“பாலுல கொழுப்பு நல்லா ஏறியிருக்கு தம்பி, சொசைட்டியில காசு கூடக் குடுத்தாங்க” என்றார் மாட்டுக்கார அம்மா.

அந்தக் கொழுப்பும் அதன் உடம்பிலிருந்துதான். சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை ஊதாவாக மாறியது. கீட்டோசிஸ் என்ற நோய். கரைந்து வருகிற கொழுப்பு குளுக்கோஸ் ஆகாது. தாங்க முடியாத அளவு வந்து சேரும்போது கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது.

“தெனமும் வெல்லம் குடுத்தேனே” என்று கலங்கிவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. வெல்லத்தை இரைப்பை நுண்ணுயிர்களே நொதிக்கவைத்துவிடும், சர்க்கரையாக ரத்தத்துக்குப் போய்ச் சேராது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார், வாய்வழியாகச் சில நாள் புரோப்பிலீன் கிளைக்கால் கொடுக்கச் சொன்னார். அது பெரும்பாலும் கல்லீரல் வரைக்கும் போய் குளுக்கோஸ் ஆகும்.

நிரலில் கன்று ஈன்ற நாளையும் உடல் கொழுப்பையும் சேர்த்தேன். பெரிய ஹோல்ஸ்டீன் மாடுகளை வைத்து அமைத்த எண்களை நம் கலப்பின மாட்டுக்கு ஏற்ப மாற்றவே பல வாரம் ஆனது. அதற்குப் பிறகு எந்தத் தொழுவத்துக்குப் போனாலும், நோட்டைத் திறப்பதற்கு முன்னால் முதுகைத் தடவிப் பார்த்துவிடுவேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது மாடு தொட்டியில் முகத்தை முக்கித் தவிட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பால் பத்து லிட்டர்.

“கொழுப்பு கொறஞ்சிருச்சு தம்பி” என்றார்.

“குறையட்டும்மா” என்றேன்.